மஞ்சள் காசும் ரெண்டாவது கிடாரும்

விவசாயிக்கு எலக்ட்ரிக் கிடார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். எங்கள் ஊரில் பம்பை அடிக்கிறவரும் காட்டு வேலைக்குப் போகிறவர்தான். தவில் வாசிக்கிறவருக்கும் ரெண்டு ஏக்கர் பூமி இருக்கிறது. அவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

ஆனால் இந்தப் பங்குனியில் வீட்டுக்குள்ளேயே வேறொரு கேள்வி வந்துவிட்டது. "ஒண்ணு இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்குங்க?" கேட்டது வீட்டம்மா. இது நியாயமான கேள்வி. டிராக்டர் ஒன்று இருக்கும்போது இன்னொன்று வாங்கினால் நானே அப்படித்தான் கேட்பேன். அதனால் உட்கார்ந்து யோசித்து, நாலு பேரைக் கேட்டு, ரெண்டு தடவை கோயமுத்தூர் போய் வந்து எடுத்த முடிவை இங்கே எழுதி வைக்கிறேன். டவுனில் இருக்கிற உங்களில் சில பேர் வீட்டிலும் ஒரு கிடார் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். ரெண்டாவது வாங்கலாமா என்ற நமைச்சலும் இருக்கும். உங்களுக்கும் உதவட்டும்.

முதலில் கணக்கு. மஞ்சள் விற்ற காசில் சொசைட்டிக் கடன், வெட்டுக் கூலி, வேக வைத்த கூலி, பாலிஷ் போட்ட கூலி, ஈரோட்டுக்கு வண்டி வாடகை எல்லாம் போக, அடுத்த பட்டத்துக்கு விதைக்கும் எருவுக்கும் எடுத்து வைத்தது போக, 'இது நம்முது' என்று கையில் நின்றது 48,000 ரூபாய். எனக்கு அதில் ஒரு கிடார் தெரிந்தது. வீட்டம்மாவுக்குத் தட்டு நறுக்கும் மிஷின் தெரிந்தது. கட்டுத்தறியில் நாலு உருப்படி நிற்கிறது. சோளத்தட்டும் கோ-4 புல்லும் அவர்தான் தினமும் நறுக்கிப் போடுகிறார். ராத்திரி மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பதை நான் பார்க்காமல் இல்லை.

பஞ்சாயத்து பண்ணியது மகள்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். "மொதல்ல மிஷினுங்கப்பா. மிச்சத்துல எது வருதோ அந்தக் கிடார்" என்று ஒரே வரியில் தீர்ப்பு. மிஷின் 27,500. மிச்சம் 20,500. பிரச்சனை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லை தெரிந்துவிட்டது. வரப்பு தெரிந்தால்தானே உழ முடியும்.

இருக்கிற கிடாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழு நாலு பேர். கீபோர்டு ஒருவர், பேட் ஒருவர், பாட்டுக்கு ஒரு கண்டக்டர், கிடாருக்கு நான். மாரியம்மன் நோம்பி, காதுகுத்து, ரிசப்ஷன் என்று வருஷத்துக்குப் பத்து மேடை வந்தால் பெரிது. 2006-ல் கரும்புக் காசில் பழசாக வாங்கிய ஸ்ட்ராட் வகைக் கிடார்தான் இத்தனை வருஷமும் சோறு போட்டது. சோறு என்றால் நிஜமாகவே சோறு. எங்களுக்குப் பாதி இடத்தில் சம்பளமே விருந்துதான்.

ஸ்ட்ராட்டில் மூணு பிக்கப். பிக்கப் என்பது வேறொன்றுமில்லை, காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செப்புக் கம்பி. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் ஆடும். ஆடினால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். அது ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சத்தமாகிறது. ஸ்ட்ராட்டில் ஒவ்வொரு பிக்கப்பும் ஒற்றைச் சுருள், அதாவது சிங்கிள் காயில். சத்தம் வெண்கல மணி மாதிரி பளிச்சென்று இருக்கும். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் அந்தக் கிடார்ப் பாட்டு இருக்கிறதே, 1982-ல் வந்தது, இன்றைக்கும் எந்த மேடைக்குப் போனாலும் முதல் சீட்டு அதற்குத்தான் வரும். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு இந்தக் கிடார் போதும். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

ஆனால் ஒற்றைச் சுருளுக்கு ஒரு சுபாவம் உண்டு. தந்தியின் ஆட்டத்தை மட்டும் பிடிக்காது, பக்கத்தில் இருக்கிற மின்சாரத்தையும் பிடிக்கும். ட்யூப் லைட் சோக், சீரியல் செட், மோட்டார் லைன், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து 'ம்ம்ம்...' என்று ஒரு இரைச்சல். இதை ஹம் என்பார்கள். நம் நாட்டுக் கரண்டு விநாடிக்கு 50 தடவை மாறுகிறது. அதுவே சத்தமாக வந்தால் அடி ஸ்தாயி 'ஜி' ஸ்வரத்துக்கு ஒரு நூல் மேலே நிற்கும். அமெரிக்காவில் 60. அங்கே ஹம்மே வேற சுருதி. எங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் 'ஜி' பாடுகிறது என்று மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். அவளே ட்யூனரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

டவுனில் நல்ல எர்த் போட்ட ரூமுக்குள் உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நோம்பி மேடை அப்படியில்லை. மேடைக்குப் பின்னால் பத்தடியில் ஜெனரேட்டர். தலைக்கு மேலே ட்யூப் லைட் வரிசை. சுற்றிலும் சீரியல் செட். ராட்டினத்துக்காரன் மோட்டாரைப் போட்டதும் ஜெனரேட்டர் திணறும், அப்போது ஹம்மின் சுருதியும் இறங்கும். சும்மா வாசித்தால் சமாளிக்கலாம். டிரைவ் பெடலை மிதித்தால் தந்திச் சத்தத்தோடு ஹம்மும் பத்து மடங்கு ஏறும். எங்கள் குழுவில் நாதஸ்வரமும் இல்லை, வயலினும் இல்லை. அந்த இழுவையான இடங்களையெல்லாம் கிடாரில்தான் நான் ஒப்பேற்ற வேண்டும். இழுவை வேண்டுமானால் டிரைவ் வேண்டும். டிரைவ் போட்டால் ஹம். இதுதான் பதினெட்டு வருஷத்துக்கு மேலாக இருக்கிற இழுபறி.

இதைக் காயில் கட்டுகிற மாமாவிடம் சொன்னேன். கம்ப்ரஸர் மோட்டாரும் சப்மெர்சிபிளும் எரிந்துபோனால் நாங்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு போவோம். கிடாரைக் கண்ணால் பார்த்ததோடு சரி. ஆனால் பிக்கப்பைக் கழற்றிக் காட்டியதும் ரெண்டு நிமிஷத்தில் பிடித்துவிட்டார். "மாப்ள, கம்பி தலைமுடி மாதிரி இருக்குது. ஆனா வேல ஒண்ணுதான். இன்னொரு காயிலத் திருப்பிச் சுத்திப் பக்கத்துல வெச்சா வெளிய இருந்து வர்றது அடிபட்டுப் போயிருமே?"

அதேதான். அதைத்தான் 1955-ல் கிப்ஸன் கம்பெனியில் செத் லவர் என்ற பொறியாளர் செய்தார். ரெண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிர்ச் சுற்று. வெளியிலிருந்து வரும் ஹம் ரெண்டிலும் ஒரே அளவு நுழைந்து, எதிரெதிராகி, அடிபட்டுப் போகும். அப்படியானால் தந்திச் சத்தமும் அடிபட வேண்டாமா? அங்கேதான் விஷயம். சுற்றைத் திருப்பியதோடு காந்தத்தையும் திருப்பிவிட்டார்கள். தந்திச் சத்தம் ரெண்டு தடவை திரும்புவதால் பழைய திசைக்கே வந்து ஒன்றோடொன்று சேரும். ஹம்மை அடக்குவதால் பெயரும் ஹம்பக்கர். ரெண்டு சுருள் சேர்வதால் சத்தமும் கனமாக, உருண்டையாக இருக்கும். அந்தப் பளிச்சென்ற மணி ஓசை குறையும். ஒன்று கிடைத்தால் ஒன்று போகும்.

ரெண்டாவது கிடாருக்கு வழி அங்கேதான் தெளிவானது. மண்வெட்டி இருக்கும்போது அதைவிட நல்ல மண்வெட்டி வாங்குவது ஒரு வகை. களைக்கொத்து வாங்குவது இன்னொரு வகை. நிறையப் பேர் முதல் வகையைத்தான் செய்கிறார்கள். ஸ்ட்ராட் வைத்திருப்பவர் இன்னும் விலை கூடிய ஸ்ட்ராட் வாங்குவார். வாங்கியதும் பழசு சுவருக்குப் போய்விடும். அப்புறமும் அவரிடம் இருப்பது ஒரே கிடார்தான். துணைக் கிடார் என்றால் முதல் கிடாரால் முடியாததைச் செய்ய வேண்டும், முதல் கிடாரின் வேலையைப் பறிக்கக் கூடாது.

இந்தக் கோலை வைத்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன்.

டெலிகாஸ்டர் மேல் எனக்கு நெடுநாள் ஆசை. அதற்குப் பாதிக் காரணம் லியோ ஃபெண்டர். 1909-ல் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். தோப்புக்காரர் பையன், ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். கிடார் வாசிக்கத் தெரியாதவர். 1950-ல் அவர் கொண்டுவந்த கிடாருக்குத்தான் அடுத்த வருஷம் டெலிகாஸ்டர் என்று பெயரானது. ஒரு பலகை, ரெண்டு பிக்கப், நாலு ஸ்க்ரூவில் முடுக்கிய கழுத்து. கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். ஏர் செய்கிற ஆசாரி யோசிக்கிற மாதிரியே யோசித்திருக்கிறார். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டும் அவர் பட்டறைதான். ஆனால் என் கோலுக்கு டெலி நிற்கவில்லை. அதுவும் ஒற்றைச் சுருள், அதுவும் பளிச் ரகம். என்னிடம் இருப்பதன் சொந்தத் தம்பி.

அடுத்தது லெஸ் பால். 1952-ல் வந்தது. 1957-லிருந்து ஹம்பக்கர் வைத்து வருகிறது. எனக்கு வேண்டிய சத்தம் அச்சு அசலாக இதுதான். ஆனால் நல்ல லெஸ் பால் நாலு கிலோ, நாலரை கிலோ இருக்கும். பகல் முழுக்கப் பதினாறு லிட்டர் மருந்து டேங்கைத் தோளில் சுமந்தவன், ராத்திரி மூணு மணி நேரம் அதே தோளில் நாலரைக் கிலோவைத் தொங்கவிடுவதா? இன்னொன்றும் உண்டு. அதன் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். கழுத்து உடம்போடு ஒட்டியது. சாத்தி வைத்த இடத்திலிருந்து மல்லாக்க விழுந்தால் தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் விரிசல் விட வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் கோழி, பூனை, பேரப்பிள்ளை மாதிரி வந்துபோகிற பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் ஒரே ஆசாரத்தில்தான்.

நடுவில் கட்டை வைத்து ரெண்டு பக்கமும் பொள்ளலாக இருக்கும் 335 ரகம் ஒன்று உண்டு. 1958-லிருந்து இருக்கிறது. பார்க்க ராஜா மாதிரி. ஆனால் எங்கள் மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் காலடியில் இருக்கும். உள்ளே பொள்ளலாக இருந்தால் ஸ்பீக்கர் சத்தமே உடம்பை அதிரவைத்து ஊளையிடும். பெட்டியும் பெரிசு, டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது.

ஸ்ட்ராட் உடம்பிலேயே பின்பக்கம் மட்டும் ஒரு ஹம்பக்கர் வைத்த ரகம் உண்டு. ஒரே கிடார்தான் வைத்திருப்பேன் என்கிறவருக்கு அது ரொம்ப நல்ல யோசனை. எனக்குத்தான் ஏற்கனவே மணி ஓசை இருக்கிறதே.

கடைசியில் நின்றது எஸ்ஜி வடிவம். 1961-ல் லெஸ் பாலையே மெலிசாக்கி, ரெண்டு கொம்பு வைத்துக் கொண்டுவந்த வடிவம் இது. ரெண்டு ஹம்பக்கர். எடை மூணு கிலோ சுமார். தலை சாய்வு இதிலும் உண்டுதான், அதற்கு ஒரு ஸ்டாண்டும் நல்ல பையும் வாங்கினால் ஆச்சு. இன்னொரு லாபம் தந்தியின் நீளம். ஸ்ட்ராட்டில் மேல் கட்டையிலிருந்து பிரிட்ஜ் வரை இருபத்தஞ்சரை அங்குலம். எஸ்ஜியில் இருபத்து நாலே முக்கால். முக்கால் அங்குலம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். அதே தந்தி, அதே சுருதி, நீளம் குறைந்தால் இழுவிசை குறையும். தந்தியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவது சுலபம். பல வருஷம் முன்னால் கரும்பு வெட்டும்போது என் இடது கை மோதிர விரலில் அருவாள் பட்டது. அந்த விரல் முழுசாக மடங்காது. அந்த விரலுக்கு முக்கால் அங்குலம் என்பது மூணு மைல்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம், பால் கறந்து பார்ப்போம். பழைய கிடாருக்கும் அதுதான். விற்கிறவர் கோயமுத்தூரில் ஒரு ஐ.டி. தம்பி. வேலை மாறி வெளிநாடு போகிறார். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கிடாரைக் கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி மாதிரிப் பிடித்துக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். லேசான முன்வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. தலையின் பின்பக்கம் டார்ச் அடித்து, ஒட்டின தடம் ஏதாவது தெரிகிறதா என்று தடவிப் பார்த்தேன். ஃப்ரெட்டுகளில் தந்தி அறுத்த பள்ளம் எவ்வளவு என்று பார்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விரலைச் சும்மா வைத்து எழுப்பும் நாதமும், அமுக்கி வாசிக்கும் நாதமும் ஒன்றாக இருக்கிறதா என்று ட்யூனரில் மகள் பார்த்தாள். நாலு குமிழையும் திருகிக் 'கரகர' வருகிறதா என்று கேட்டோம். ஒன்றில் வந்தது. தூசிதான், க்ளீனர் அடித்தால் போய்விடும். ஆனால் விலை பேச ஒரு பிடி கிடைத்தது.

விரல் வைக்கிற பலகை என்ன மரம் என்று கேட்டேன். "இந்தியன் லாரல் அங்கிள், ரோஸ்வுட் இல்ல" என்றார் கொஞ்சம் தயங்கி. எனக்குச் சிரிப்பு வந்தது. ரோஸ்வுட் என்றால் நம்ம ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கம் விளைவது. எங்கள் அப்பிச்சி வீட்டுக் கட்டில் அந்த மரம்தான். உலகம் பூரா கிடார் பலகைக்குப் போனது, வெட்டு அதிகமானது. 2017 ஜனவரியிலிருந்து அந்த மர இனம் முழுக்க சைட்டஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்து, நாடு விட்டு நாடு போகப் பத்திரம் வேண்டும் என்றானது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் வேறு மரத்துக்குப் போய்விட்டன. அப்படி வந்ததில் ஒன்றுதான் இந்த லாரல். ஆங்கிலப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நம்ம கருமருது. கட்டை வண்டிக்கும் கதவு நிலைக்கும் பழகின மரம். "தம்பி, இது எங்க பக்கத்து மரம்தான். கொறச்சலா ஒண்ணும் இல்ல" என்றேன். அவருக்கே ஒரு நிம்மதி.

பேசி 18,000-க்கு முடிந்தது. தந்தி, தோல் பட்டை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து இன்னொரு 1,600. பஸ், சாப்பாடு போகக் கையில் அறுநூறு சொச்சம் மிஞ்சியது. அதை அப்படியே வீட்டம்மா கையில் கொடுத்தேன். "மிச்சம்கூட வந்துச்சா!" என்று ஆச்சரியப்பட்டார்.

தோல் பட்டை வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்ஜி வடிவத்தில் உடம்பு இலகு, கழுத்து நீட்டி நிற்கும். கையை விட்டால் கழுத்து கீழே சாயும். நைலான் பட்டையானால் தோளில் வழுக்கும். தோலின் சொரசொரப்பு பிடித்து நிறுத்தும். தந்தியும் ஒரு விஷயம். நீளம் குறைந்த கிடாரில் மெல்லிய தந்தி போட்டால் தொளதொளவென்று இருக்கும். ஸ்ட்ராட்டுக்கு 9 செட், எஸ்ஜிக்கு 10 செட் என்று போட்டேன். இப்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறினாலும் விரலுக்கு ரொம்ப வித்தியாசம் தெரிவதில்லை.

சித்திரை நோம்பியில் முதல் மேடை. வழக்கம்போல ஜெனரேட்டர் பின்னால், சீரியல் செட் மேலே. டிரைவ் பெடலை மிதித்துவிட்டுத் தந்தியைத் தொடாமல் நின்றேன். பேட் வாசிக்கிறவர் திரும்பி, "ஏனுங்கண்ணா, ஆம்ப் ஆஃப் ஆயிருச்சா?" என்றார். லேசான 'உஸ்ஸ்' மட்டும்தான். அது பெடலின் மூச்சு, ஹம் இல்லை. அன்றைக்குக் கண்டக்டர் பாடிய சாமி பாட்டுக்கு நடுவில் நாதஸ்வர இடத்தை முழுசாக இழுத்து வாசித்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தவில்காரர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். எனக்கு அதற்கு மேல் பாராட்டு வேண்டாம்.

பழைய கிடார் என்ன ஆனது? அதுதான் நான் எதிர்பார்க்காத பகுதி. அன்று மகளும் மேடை ஏறினாள். ஸ்ட்ராட்டை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரே மாதிரிக் கிடார் ரெண்டு சேர்ந்து வாசித்தால் எது யாருடையது என்று தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இது அப்படி இல்லை. அவள் மேலே மணி மாதிரிக் கோர்டு போட, நான் நடுவில் கனமாக இழுக்க, ரெண்டும் தனித்தனியாகக் கேட்டது. மஞ்சள் பாத்தியில் ஊடுபயிராகச் சின்ன வெங்காயம் போடுவோம். மஞ்சள் எழுந்து வருவதற்குள் வெங்காயம் பிடுங்கிவிடலாம். ரெண்டும் ஒரே பூமிதான், ஒன்றை ஒன்று மறிப்பதில்லை. அந்த மாதிரி.

ரிசல்ட் வந்தது. கோயமுத்தூரிலேயே காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல். பெட்டி கட்டும்போது எந்தக் கிடாரை எடுத்துப் போகிறாய் என்று கேட்டேன். புதுசைக் கேட்டால் கொடுத்துவிடுவது என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் இழுத்தது, மறைப்பானேன். அவள் யோசிக்கவே இல்லை. "பழசுதானுங்கப்பா. கழுத்து நாலு ஸ்க்ரூவுதான், கீழ விழுந்தாலும் பயமில்ல. மேடைக்கு உங்களுக்கு ஹம் இல்லாதது வேணுமில்ல" என்றாள். அவளும் மூணு மாசமாக என்னோடு சேர்ந்து கணக்குப் போட்டிருக்கிறாள்.

அதனால் இப்போது நிலைமை என்னவென்றால், ரெண்டு கிடார் வாங்கிய வீட்டில் மறுபடி ஒரு கிடார்தான் இருக்கிறது. பளிச்சென்ற பாட்டுகளுக்கு எஸ்ஜியின் கழுத்துப் பக்கப் பிக்கப்பை வைத்து, வால்யூமைக் கொஞ்சம் குறைத்து ஒப்பேற்றுகிறேன். மணி ஓசை வரவில்லை. வராது. லீவுக்கு அவள் வரும்போதுதான் அது வரும்.

உங்களில் யாராவது ரெண்டாவது கிடார் வாங்குவதாக இருந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். கடைக்குப் போகும் முன்னால், இருக்கிற கிடாரால் எந்தப் பாட்டு முடியவில்லை என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். சீட்டு காலியாக இருந்தால் காசை வைத்துக்கொள்ளுங்கள். நாலு வரி இருந்தால், அந்த நாலு வரிக்கு எது விடையோ அதை மட்டும் பாருங்கள். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். தோளையும் விரலையும் கேட்காமல் முடிவு பண்ணாதீர்கள். உட்கார்ந்து வாசித்து வாங்காமல், நின்று கால் மணி நேரம் வாசித்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு சிமெண்ட் அட்டைக் கூரைக்குக் கீழே, சுவரில் வெயில் அடிக்கிற இடத்தில் தொங்கவிடாதீர்கள். மரம் வெட்டிய பிறகும் சீதோஷ்ணம் பார்த்து அசைந்துகொண்டேதான் இருக்கும். கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் ஒருமுறை கழுத்தைப் பார்த்து, உள்ளே இருக்கும் கம்பியைக் கால் திருகு திருப்ப வேண்டியிருக்கும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வீட்டில் தட்டு நறுக்கும் மிஷின் வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை முதலில் வாங்குங்கள். இப்போதெல்லாம் சாயங்காலம் அரை மணி நேரத்தில் நாலு உருப்படிக்கும் தீனி நறுக்கி முடிந்துவிடுகிறது. தைலம் வாடை வருவதில்லை. மிஷின் ஓடும் நேரத்தில்தான் நானும் திண்ணையில் உட்கார்ந்து பிராக்டிஸ் பண்ணுகிறேன். பழைய கிடாராக இருந்தால் மிஷினும் சேர்ந்து பாடியிருக்கும்.

அடுத்த பதிவில் கோ-4 கரணை நடுவது பற்றி எழுதுகிறேன். மூணு பேர் கேட்டிருந்தீர்கள், மறக்கவில்லை.